பாதி மீண்ட சத்தியக்கடதாசி

என் அக்காவுக்கு அடையாள அட்டை கேட்டுப் போட்ட விண்ணப்பம் மூன்று மாதம் கழித்துத் திரும்பி வந்தது. கூடவே சிங்களத்தில் ஒரு கடிதம். இந்தப் பெயரும் இந்தப் பிறந்த திகதியும் உள்ள பெண் சிறுவயதிலேயே இறந்துவிட்டதாக மரணப் பதிவேட்டில் இருக்கிறது, இறந்தவருக்கு அட்டை வழங்க வழியில்லை என்று எழுதியிருந்தார்கள். மரியாதையாகத்தான் எழுதியிருந்தார்கள். வாசித்துத் தமிழில் சொன்னவன் நான். அக்கா அடுப்படியில் ரொட்டி தட்டிக்கொண்டிருந்தாள். கையிலிருந்ததைக் கல்லில் போட்டுவிட்டு, "செத்தது உண்மைதானே, அவங்க என்ன பண்ணுவாங்க" என்றாள். எனக்குத்தான் பற்றிக்கொண்டு வந்தது.

நடந்தது இதுதான். எங்கள் அம்மாவுக்கு அக்காவுக்கு முன்னால் ஒரு பெண் பிறந்து, பஞ்ச காலத்தில் ஐந்து வயதில் செத்துப்போனது. அந்தப் பிள்ளையின் பிறப்புச் சான்றிதழ் மட்டும் தகரப் பெட்டியில் கிடந்தது. அக்கா பிறந்ததை யாரும் பதியவில்லை. மரவள்ளிக் கிழங்குக்கே அடித்துக்கொண்ட நாட்களில் பதிவுக்காரரைத் தேடி யார் போவார்கள்? அக்காவுக்குப் பதின்மூன்று வயதானபோது அப்பா படுத்த படுக்கையானார். தேயிலைத் தோட்டத்தில் வேலைக்குப் பேர் பதிய வயது காட்ட வேண்டும். பெட்டியில் கிடந்த சான்றிதழை எடுத்துக் காரியாலயத்தில் நீட்டினார்கள். அன்றிலிருந்து அக்கா செத்துப்போன பெண்ணின் பெயரில் பதினெட்டு வயதுக்காரி. எங்கள் பக்கத்தில் இது அதிசயமே இல்லை, வரிசையாக ஒட்டிக் கட்டிய எங்கள் குடியிருப்புகளில் லயத்துக்கு இரண்டு பேராவது இப்படி இருந்தார்கள். ஆனால் அவர்கள் வீட்டுச் சாவுகளை யாரும் பதியவில்லை. எங்கள் வீட்டுச் சாவை மட்டும் எவனோ ஒரு புண்ணியவான் ஒழுங்காகப் பதிந்து வைத்திருந்தான்.

அந்த வருடம் தோட்டத்துப் பிள்ளைக்காம்பராவில் ஆயா வேலை ஒன்று காலியானது. கொழுந்து பறிக்கப் போகிற தாய்மார் கைக்குழந்தைகளை விட்டுப்போகிற இடம் அது. அக்காவுக்கு ஒரு மழைநாளில் சறுக்கி விழுந்ததிலிருந்து முழங்கால் சரியில்லை. சரிவில் அரை மணி நேரம் நின்றால் வீங்கிவிடும். அவளையே அந்த வேலைக்குச் சிபாரிசு செய்வதாகத் தோட்டத் தலைவர் சொல்லியிருந்தார். ஆனால் அவள் சொந்தப் பெயரில் ஒரு தாளாவது வேண்டும். மாதக் கடைசிக்குள், பிறப்பைப் பதியப் போட்டிருக்கிறோம் என்ற துண்டைக் காட்டினாலும் போதும் என்றார்கள். காலங்கடந்து பதிவதற்குப் பிரசவத்தின்போது கூட இருந்த ஒருவர் சத்தியக்கடதாசி கொடுக்க வேண்டும். அப்பாவும் இல்லை, அம்மாவும் இல்லை. பள்ளிக்கூடத்துப் பதிவேடு மழையில் ஊறிக் கூழாகியிருந்தது. உயிரோடு இருந்தது ஒரே ஒரு ஆள். எங்கள் இருவரையும் கையில் ஏந்திய மருத்துவச்சி, கீழ் லயத்தில் தனியாக இருந்தார்.

நான் அப்போது ஹட்டனில் ஒரு சிறிய சட்ட உதவிக் காரியாலயத்தில் கொம்பியூட்டர் தட்டிக்கொண்டிருந்தேன். இரண்டாயிரத்தின் தொடக்க வருடங்கள். புடவைக்கடை ஒன்றின் மேல்மாடி, இரண்டு மேசை, ஒரு பழைய இயந்திரம். வெளிநாட்டிலிருந்து வந்த ஒரு தொண்டர் அதில் லினக்ஸைப் போட்டுக் கொடுத்து, ஒரு கட்டு சீடீயையும் விட்டுவிட்டுப் போயிருந்தார். அதில் கெர்னலின் நிரல் முழுக்க இருந்தது. கெர்னல் என்பது இயங்குதளத்தின் அடியில் இருந்துகொண்டு எல்லாப் புரோகிராம்களுக்கும் இடமும் நேரமும் பங்குபோடுகிற பகுதி. என் ஆங்கிலம் அரைகுறை. நிரலுக்கு ஆங்கிலம் அவ்வளவு தேவையில்லை, பிடிவாதம் இருந்தால் போதும். பகல் சாப்பாட்டு நேரத்தில் ரொட்டியும் சம்பலுமாக உட்கார்ந்து அதை வாசிப்பேன். கூட வேலை செய்தவர்களுக்கு எனக்குக் கொஞ்சம் கழன்றுவிட்டது என்ற எண்ணம்.

என்னைப் பிடித்து ஆட்டியது ஒரே விஷயம். ஒரு புரோகிராமின் மெமரியை வேறொருவர் கேட்டால் கெர்னல் எப்படி வாசித்துக் கொடுக்கிறது, எப்படி அதில் எழுதுகிறது என்பதுதான் அது. ஓடுகிற ஒவ்வொரு புரோகிராமும் மெமரி முழுவதும் தன் சொத்து என்றே நம்பிக்கொண்டிருக்கும். இரண்டு புரோகிராம்கள் ஒரே இலக்கத்தில் வெவ்வேறு சங்கதிகளை வைத்திருக்கும். லயத்தில் ஆறாம் காம்பரா, ஆறாம் அறை, மாதிரி. எல்லா லயத்திலும் ஓர் ஆறாம் காம்பரா உண்டு, எந்த லயம் என்று தெரியாமல் தபால்காரர் என்ன செய்வார்? கெர்னலிடம் அதற்கு ஏடு இருக்கிறது. இந்தப் புரோகிராமின் இந்த இலக்கம் உண்மையான மெமரியில் எந்தத் துண்டில் கிடக்கிறது என்று அந்த ஏட்டில் படிப்படியாக இறங்கிப் பார்க்கும். ஒரு துண்டில் நாலாயிரத்துச் சொச்சம் எழுத்துகள் அடங்கும். இடம் போதாமல் அந்தத் துண்டை டிஸ்கில் ஒதுக்கி வைத்திருந்தால், முதலில் அதைத் திரும்ப உள்ளே கொண்டுவரும். நழுவிப் போகாமல் அதைப் பிடித்துவைத்துக்கொண்டு, கேட்டதைப் பிரதி எடுத்துக் கொடுத்துவிட்டுப் பிடியை விடும்.

எழுதுவதும் அதே வழிதான், திசை மட்டும் வேறு. அந்தத் துண்டு மற்றவர்களோடு பங்குபோட்டதாக இருந்தால், கெர்னல் அந்தப் புரோகிராமுக்கென்று தனிப் பிரதி ஒன்று எடுத்து அதில்தான் எழுதும். மூலத்தைத் தொடாது. இதற்கெல்லாம் உரிமை வேண்டும், சும்மா போகிற வருகிறவன் கேட்க முடியாது. முதலில் அந்தப் புரோகிராமைப் பிடித்து நிறுத்த வேண்டும். வேலை முடிந்து விட்டுவிட்டால், நின்ற இடத்திலிருந்து அது தன் பாட்டில் போகும். ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணிக்கொண்டே போகிற ஒரு சின்னப் புரோகிராமை எழுதி, அது எழுபதில் இருக்கும்போது நிறுத்தி, அதன் மெமரியில் ஐந்நூறு என்று எழுதிவிட்டேன். அவிழ்த்துவிட்டதும் ஐந்நூற்று ஒன்று என்றது. ஒரு சந்தேகம் வரவேண்டுமே, ஊஹூம். நான் தனியே உட்கார்ந்து கைகொட்டிச் சிரித்தேன். அந்த வயதில் எனக்கு அது பெரிய வித்தையாகத் தெரிந்தது.

எங்கள் காரியாலயத்தில் ஒரு வழக்கம் இருந்தது. ஆட்கள் சொல்கிற வாக்குமூலம் எதையும் டிஸ்கில் சேமிப்பதில்லை. தட்டுவது, அச்செடுப்பது, கைநாட்டு வாங்குவது, சேமிக்காமல் மூடுவது. சோம்பேறித்தனம் இல்லை, பயம். தொண்ணூறுகளில் எங்கள் இளந்தாரிகளை பஸ்ஸிலும் லயத்திலும் பிடித்துக்கொண்டு போனபோது, வந்தவர்கள் கையில் ஒரு பட்டியல் இருந்தது. அந்தப் பட்டியலுக்குப் பெயர் எங்கிருந்து போனது என்று இன்றுவரை யாருக்கும் தெரியாது. அதனால் எங்களிடம் வருகிறவர்கள் உட்காரும் முன்பே கேட்பார்கள், பேர் கொம்பியூட்டர்ப் பெட்டியில் தங்குமா என்று. தங்காது என்று சத்தியம் பண்ணிக் கொடுத்தால்தான் வாய் திறப்பார்கள். நாங்களும் சொன்ன சொல்லைக் காப்பாற்றினோம். வேறெங்காவது வேலை செய்கிறவன் இரண்டு நிமிடத்துக்கு ஒரு தடவை சேமிப்பான். நான் சேமிக்காமல் இருப்பதையே ஒழுக்கமாகப் பழகியிருந்தேன்.

மருத்துவச்சியம்மா ஒரு செவ்வாய்க்கிழமை காலை பஸ்ஸில் வந்தார். எழுபதைத் தாண்டியவர், சேலைக்கு மேல் ஆண்கள் போடுகிற கம்பளி ஜேர்சி. கொழுந்து நிறைய விழுகிற காலம், லீவு கிடைக்காததால் அக்கா வரவில்லை. படியேறி வந்த மூச்சு அடங்கவே கால் மணி நேரம் ஆனது. சீனி போட்ட பிளேன்டீ ஒன்றைக் குடித்துவிட்டுச் சொல்ல ஆரம்பித்தார். இரண்டு மணித்தியாலம் சொன்னார். நான் தட்டிக்கொண்டே இருந்தேன். தட்டுகிறவனுக்கு ஒரு பழக்கம் வந்துவிடும். காது வழியாக வருவது விரல் வழியாகப் போய்விடும், நடுவில் எங்கும் தங்காது. அன்று என் மண்டையில் இருந்ததெல்லாம் அச்சு இயந்திரத்தைப் பற்றிய கவலை. காலையிலிருந்து அது தாளைக் கடித்துத் துப்பிக்கொண்டிருந்தது.

பயந்தபடியே நடந்தது. அச்சுக்குக் கொடுத்ததும் தாள் சிக்கியது. அதை இழுத்து எடுத்த பிறகும், எழுதுகிற புரோகிராம் அச்சு இயந்திரத்திடமிருந்து பதில் வரும் என்று காத்துக்கொண்டு மரக்கட்டையாக நின்றுவிட்டது. எந்தப் பொத்தானை அழுத்தினாலும் அசையவில்லை. திரையில் இவையெல்லாம் சத்தியம் என்று முடிகிற கடைசி இரண்டு வரிதான் தெரிந்தது, மற்றபடி வெறும் சாம்பல் நிறம். மருத்துவச்சியம்மாவுக்கு மூன்று மணி பஸ்ஸை விட்டால் வேறு கிடையாது. எப்படியும் கைநாட்டு வாங்கச் சமாதான நீதவான் அடுத்த நாள்தான் வருவார். நாளைக்கு ஒரு நடை வரமுடியுமா என்று கேட்டேன். "வர்றேன் சாமி, படிதான் ஏற முடியல" என்றார். நான் இயந்திரத்தை அணைக்காமல் அப்படியே விட்டுவிட்டு வீட்டுக்குப் போனேன். ராத்திரிக்குள் அதுவாகவே தெளிந்துவிடும் என்று ஒரு நப்பாசை.

மறுநாள் காலை எட்டரைக்கு அக்கா மாடிப்படியில் உட்கார்ந்திருந்தாள். வேலைக்குப் போகவில்லை. முதல் நாள் மாலை பஸ்ஸில் வந்திறங்கிய மருத்துவச்சியம்மா லயத்து வாசல் படியில் சரிந்து விழுந்துவிட்டதாகவும், பக்கவாதம் என்று டிஸ்பென்சரியில் சொன்னதாகவும் சொன்னாள். வலது கையும் காலும் இழுத்துக்கொண்டன. பேச்சு இல்லை.

"ஆனா நல்லா வெளங்குது தம்பி. பேர் சொல்லிக் கூப்பிட்டா திரும்புறாங்க. தலையாட்டுறாங்க."

இடது கைக்கு ஒன்றும் ஆகவில்லை. கைநாட்டுக்கு வேண்டியது இடது பெருவிரல்தான். அதாவது நேற்று அவர் சொன்னதை அச்செடுத்துக்கொண்டு போனால், நீதவான் அவர் முன்னால் வாசித்து, அவர் தலையாட்டி, விரலை வைத்தால் காரியம் முடிந்துவிடும். அவரால் இனி ஒருபோதும் சொல்ல முடியாத அந்த வார்த்தைகள் உலகத்தில் ஒரே ஓர் இடத்தில்தான் இருந்தன. நின்றுபோன அந்தப் புரோகிராமின் மெமரியில். அதைக் கொன்றால் அவையும் போய்விடும். அன்று பத்தரைக்கு மின்வெட்டு என்று முதல் நாளே அறிவித்திருந்தார்கள். எங்களிடம் பற்றரியும் இல்லை, ஜெனரேற்றரும் இல்லை.

சொன்னால் வெட்கக்கேடு, எனக்கு அப்போது உள்ளுக்குள் கொஞ்சம் சந்தோஷமாகக்கூட இருந்தது. ஒன்றரை வருடம் ரொட்டி தின்றபடி வாசித்ததெல்லாம் இதற்காகத்தான் என்று பட்டது. அக்காவிடம் பயப்படாதே என்றேன். பெரிய ஆள் மாதிரி கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டேன்.

புரோகிராமைப் பிடித்து நிறுத்தினேன். கெர்னல் மறுக்கவில்லை. அது மெமரியில் எந்தெந்த இலக்கங்களை வைத்திருக்கிறது என்ற விவரத்தை எடுத்து, எழுத்துகள் இருக்கக்கூடிய பகுதியைக் கண்டுபிடித்து, நாலு நாலு எழுத்தாக வாசித்து எழுதிவைக்கிற சின்னப் புரோகிராம் ஒன்றை அவசரமாக எழுதினேன். இரண்டு தடவை பிழையாகிப் போனது. மூன்றாம் தடவை திரையில் எழுத்துகள் ஓடின. அந்தக் காலத்துத் தமிழ் எழுத்துரு, உள்ளே பார்த்தால் ஆங்கில எழுத்தும் புள்ளியும் கோடுமாகக் கிறுக்கலாக இருக்கும். பழக்கத்தில் எனக்கு அந்தக் கிறுக்கலே தமிழாகத் தெரியும். நான் இன்ன தோட்டத்தில் இன்ன பிரிவில் மருத்துவச்சியாக இருந்தவள் என்று ஆரம்பித்தது. எங்கள் அம்மா பெயர், அப்பா பெயர், லயம், காம்பரா, பெண் பிள்ளை, என் கையால் தொப்புள்கொடி அறுத்தேன், எல்லாம் வந்தன. அக்கா என் தோளைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அவளுக்கு அதில் ஓர் எழுத்தும் புரிந்திருக்காது.

"அந்தப் பிள்ளை பிறந்த அன்றைக்கு" என்ற இடத்தில் வரி நின்றது. முதல் துண்டு முடிந்துவிட்டது. அடுத்த துண்டைக் கேட்டதும் இயந்திரத்துக்குள் டிக் டிக் என்று ஒரு சத்தம். பிறகு பிழைச்செய்தி. நான் திரும்பக் கேட்டேன். திரும்பவும் டிக் டிக், திரும்பவும் பிழை.

எனக்கு விளங்கிவிட்டது. விடியற்காலையில் அந்த இயந்திரம் தானாக எழுந்து, டிஸ்கில் உள்ள கோப்புகளையெல்லாம் கணக்கெடுக்கும். அந்த நேரத்தில் மெமரியில் இடம் போதாமல், சும்மா தூங்குகிற புரோகிராம்களின் துண்டுகளைத் தூக்கி டிஸ்கில் ஒதுக்கிவிடும். மருத்துவச்சியம்மா சொன்னதில் பாதி மெமரியில் தங்கிவிட்டது, பாதி டிஸ்குக்குப் போய்விட்டது. போன இடம் கெட்டுப்போன இடம். கெர்னல் போய்க் கொண்டுவரத்தான் பார்த்தது, டிஸ்க் கொடுக்கவில்லை. கெர்னலில் எனக்குப் பிடித்த குணம் ஒன்று உண்டு. எட்டியது எவ்வளவோ அவ்வளவுதான் என்று சொல்லிவிடும், எட்டாததைத் தானாக இட்டுக்கட்டாது. சனியன், அன்று அந்தக் குணத்தின் மேல் எனக்குக் கொலைவெறி வந்தது. இருபது தடவையாவது கேட்டிருப்பேன். பத்து இருபத்தைந்துக்கு வந்தவரை பிளொப்பியில் பிரதி எடுத்தேன். சொன்ன நேரத்துக்கு ஒரு நிமிடம் முந்தியே கரண்ட் போனது. திரை கறுத்தது.

பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் ஜெனரேற்றர் வைத்திருந்த ஒரு கடை இருந்தது. போன் பேசலாம், தட்டச்சு செய்யலாம், அச்செடுக்கலாம். பிளொப்பியை அங்கே கொண்டுபோய்த் திறந்தேன். அக்கா பக்கத்தில் ஸ்டூலில் உட்கார்ந்து திரையைப் பார்த்தாள்.

"மிச்சம் எங்க?"

"வரல அக்கா."

"நீதானே தட்டுன? ஞாபகம் இல்லையா?"

அக்காவின் ஒரு நாள் பேரும் சம்பளமும் போயிருந்தன, முழங்கால் வீங்கியிருந்தது, முகம் முழுக்க நம்பிக்கை. எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகக் காரியாலய வேலைக்குப் போனவன் நான். இரண்டு மணித்தியாலம் முன்னால் உட்கார்ந்து கேட்டுவிட்டு ஒன்றுமே தெரியாது என்று அவளிடம் எப்படிச் சொல்வது?

"இருக்கு" என்றேன்.

எழுதினேன். அந்தப் பிள்ளை பிறந்த அன்றைக்கு நல்ல மழை என்று எழுதினேன், எங்கள் ஊரில் என்றைக்குத்தான் மழை இல்லை? மாரியம்மன் திருவிழாவுக்கு முந்தின வெள்ளிக்கிழமை என்று எழுதினேன், அம்மா எப்போதோ அப்படிச் சொன்னதாக அக்காவுக்கு ஒரு நினைவு. மூத்த பெண் அதற்கு முன்பே பஞ்சத்தில் இறந்துபோயிருந்தாள் என்றும் எழுதினேன். சான்றிதழ்க் குழப்பத்துக்கு விளக்கமாக இருக்கட்டும் என்ற கெட்டிக்காரத்தனம். எங்களுக்குத் தெரிந்தவரை அதுதான் உண்மை. மருத்துவச்சியம்மா பேசுகிற தோரணையில், அவர் வாய்ச்சொல் போலவே ஒன்பது பத்து வரி சேர்த்தேன். முதல் பாதிக்கும் இரண்டாம் பாதிக்கும் தையல் தெரியவில்லை. அச்சில் மிக அழகாக வந்தது.

நீதவான் யாழ்ப்பாணத்துக்காரர், எங்கள் பக்கத்துப் பள்ளிக்கூடங்களில் தலைமை ஆசிரியராக இருந்து ஓய்வுபெற்றவர். நோயாளி எழுந்து வரமுடியாது என்றதும் குடையை எடுத்துக்கொண்டு எங்களோடு ஓட்டோவில் ஏறிவிட்டார். அப்படிப்பட்ட மனிதர். பகல் ஒரு மணிக்குக் கீழ் லயத்துக்குப் போய்ச் சேர்ந்தோம். மருத்துவச்சியம்மா சுவரோரமாகச் சாய்த்துவைக்கப்பட்டிருந்தார். வாய் ஒரு பக்கம் கோணியிருந்தது. கண்கள் தெளிவாக இருந்தன. என்னைக் கண்டதும் இடது கையைத் தூக்கினார்.

"அம்மா, நான் ஆறுதலா வாசிக்கிறன். சரியெண்டால் தலையை ஆட்டுங்கோ. பிழையெண்டால் கையைக் காட்டுங்கோ" என்றார் நீதவான். இடது பெருவிரலில் மையையும் தடவி வைத்தார்.

ஒவ்வொரு வரிக்கும் மருத்துவச்சியம்மா தலையாட்டினார். தோட்டத்தின் பெயருக்கு ஆட்டினார், அம்மா பெயருக்கு ஆட்டினார். தொப்புள்கொடி என்ற இடத்தில் அக்காவைப் பார்த்துச் சிரிக்க முயன்றார். மழைக்கும் ஆட்டினார். வெள்ளிக்கிழமைக்குக் கொஞ்சம் யோசித்தார், கையைக் காட்டவில்லை. மூத்த பெண் அதற்கு முன்பே இறந்துபோயிருந்தாள் என்று நீதவான் வாசித்ததும் இடது கை மேலே எழுந்தது. நீதவான் அந்த வரியைத் திரும்ப வாசித்தார். கை இன்னும் வேகமாக ஆடியது.

அக்காதான் முதலில் பேசினாள். "அப்ப அவ உசிரோட இருந்தாளா?"

மருத்துவச்சியம்மா ஆம் என்று தலையாட்டினார்.

"என்னப் பாத்தாளா?"

ஆட்டினார். பிறகு கையை மடித்து, மடியில் எதையோ ஏந்துவது போலக் காட்டினார். சொல்ல வாயைத் திறந்தார். த்தா, த்தா என்ற சத்தம்தான் வந்தது. திரும்பத் திரும்ப அந்தச் சத்தம், கழுத்து நரம்பெல்லாம் புடைத்துக்கொண்டு. நேற்று அதை அவர் முழுவதுமாகச் சொல்லியிருக்கிறார். என்னிடம். நான் தட்டியிருக்கிறேன். முதல் நாள் சொன்னதையெல்லாம் நானே மாற்றிவிட்டேன் என்பது போல அவர் என்னைப் பார்த்த பார்வை எனக்கு இன்றும் தாங்கவில்லை.

நீதவான் கண்ணாடியைக் கழற்றினார். "தம்பி, இது அவ சொன்னதோ, நீர் எழுதினதோ?"

பொய் சொல்ல வாய் வரவில்லை. எது அவருடையது, எது என்னுடையது என்று காட்டினேன். நீதவான் அதட்டவில்லை, அதட்டியிருந்தால் பரவாயில்லை.

"திகதி நினைவில்லை எண்டு முதல் பாதியோட நிப்பாட்டியிருந்தால் எனக்குப் போதும் தம்பி. பதிவுக்கு அது காணும்."

பேனாவை எடுத்து, நான் சேர்த்த வரிகளைக் குறுக்கே வெட்டினார். வெட்டிய தாளையே மருத்துவச்சியம்மாவிடம் காட்டி, மேலே உள்ளது மட்டும்தான், அதற்கு விரல் வைக்கிறீர்களா என்று கேட்டார். அவர் தாளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். மை பூசிய பெருவிரலை உள்ளங்கைக்குள் வைத்து மற்ற நாலு விரலாலும் மூடிக்கொண்டார். முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். கெஞ்சிப் பார்த்தோம். நீதவான்கூடக் கெஞ்சினார். அந்தக் கையைப் பலவந்தமாக விரிக்க அக்கா யாரையும் விடவில்லை. "விடுங்க சேர், போதும்" என்று சொல்லிவிட்டு, சேலைத் தலைப்பை நனைத்து, விரல் இடுக்கில் கசிந்திருந்த மையைத் துடைத்தாள்.

மறுநாளும் போனோம். புதிதாக, சுத்தமாக, முதல் பாதியை மட்டும் அச்செடுத்துக்கொண்டு போனோம். நான் வாசலில் காலை வைத்ததும் மருத்துவச்சியம்மா கையைக் கம்பளிக்குள் மறைத்துக்கொண்டார். கோபமா, களைப்பா, என்னைப் பார்த்துப் பயமா, தெரியாது. நான் வெளியே போய் நின்றேன், அப்போதும் கை வெளியே வரவில்லை. அந்த வாரக் கடைசியில் கண்ணை மூடிவிட்டார். பிள்ளைக்காம்பரா வேலைக்கு மேல் பிரிவிலிருந்து ஒரு பெண் வந்தாள், நல்ல பெண், குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. மற்ற எல்லாக் கதவையும் தட்டிப் பார்த்தோம். நுவரெலியாவுக்கு எத்தனை தடவை போய் வந்தோம் என்று எண்ணியதே இல்லை. கண்ணால் கண்ட சாட்சி வேண்டும் என்றார்கள். சாட்சி இருந்தது, அதைக் கெடுத்தவன் நான்.

அக்கா என்னை ஒரு வார்த்தை திட்டியதில்லை. திட்டியிருக்கலாம். வேலையைப் பற்றியும் அட்டையைப் பற்றியும் அவள் பிறகு பேச்சே எடுக்கவில்லை. முழங்காலுக்கு எண்ணெய் போட்டுக்கொண்டு இன்னும் அதே பெயரில்தான் மலை ஏறுகிறாள். அவள் கேட்பது வேறு. தீபாவளிக்கோ பொங்கலுக்கோ நான் போகும்போது, சாப்பிட்டு முடித்துப் பாத்திரம் ஒதுக்குகிற நேரத்தில், யாரும் பக்கத்தில் இல்லை என்று பார்த்துக்கொண்டு கேட்பாள்.

"தம்பி, மூத்தவ என்னைத் தூக்கினதப் பத்தி அன்னிக்கு மருத்துவச்சியம்மா என்ன சொன்னாங்க? கொஞ்சமாச்சும் ஞாபகம் வருதா?"

"வரல அக்கா."

"யோசிச்சுப் பாரு" என்பாள்.